பெயர் சொல்லாத சாமி

ஆங்கிலத்தில் ஒரு வகைத் துப்பறியும் கதை இருக்கிறது. ரத்தம் அதிகம் சிந்தாது. ஒரு சின்ன ஊர், அதில் ஒரு கேக் கடை, அதை நடத்தும் ஓர் இளம்பெண். அவள் கண்ணுக்கு ஆவிகள் தெரியும். அதில் அவளுக்குக் கொஞ்சமும் விருப்பமில்லை. 'மாவு பிசையணும், அப்புறமா வாங்க' என்று செத்தவர்களிடம் சொல்லிப் பார்ப்பாள். அவர்கள் போக மாட்டார்கள். ஊரில் ஒரு கொலை நடக்கும். பாதித் துப்பைச் செத்தவரே கொடுப்பார், மீதியை ஒரு பூனை கொடுக்கும். கடைசி அத்தியாயத்தில் கொலைகாரனின் பெயர் வெளியே வரும். எல்லாரும் தேநீர் குடிப்பார்கள்.

கூலிமில் நைட் ஷிஃப்ட் முடிந்து தொழிற்சாலைப் பேருந்தில் திரும்பும்போது கைப்பேசியில் இவற்றை நிறையப் படித்திருக்கிறேன். தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் படிக்கத் தோதான கதைகள். ஆனால் ஒரு விஷயம் ஒவ்வொரு முறையும் இடறும். கடைசியில் சொல்லப்படும் பெயர் தவறாவதே இல்லை. பெயர் சொல்லப்பட்டவன் மறுநாள் அந்த ஊரில் இருக்க மாட்டான், ஜெயிலுக்குப் போயிருப்பான். சொன்னவள் மறுநாளும் கேக் சுடுவாள். பெயர் சொல்வது அவ்வளவு சுலபமான காரியமா?

கெடா தோட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கதை புத்தகம் இல்லாமலேயே தெரியும். தோட்டத்துக்கு ஒரு சாமியாடியாவது இருப்பார். கோழி காணோம், சங்கிலி காணோம், பினாங்குக்கு வேலைக்குப் போன மகனிடமிருந்து சேதி இல்லை, பிள்ளைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் என்றால் முதலில் அவர் வீட்டுக்குத்தான் போவார்கள். போலீஸ் நிலையம் டவுனில் இருந்தது. டெலிபோன் ஆபீசில், கிராணியின் மேசைமேல் இருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஒரே விசாரணை அதிகாரி முனியாண்டி சாமிதான். வெள்ளிக்கிழமை இரவு, சுருட்டும் சாராயமும் வைத்தால் வாக்கு கிடைக்கும்.

ஆனால் லயம் என்பது கேக் கடை இருக்கும் ஊர் போன்றது இல்லை. ஒரே கூரை, நடுவில் ஒரு பலகைச் சுவர். பக்கத்து வீட்டில் கருவாடு பொரித்தால் அந்த வாசத்திலேயே இந்த வீட்டில் சோறு இறங்கும். சாமி ஒருவன் பெயரைச் சொல்லிவிட்டால், அவன் மறுநாள் விடியற்காலை அதே பிரட்டுக் களத்தில் வந்து நிற்க வேண்டும். அவன் மனைவி அதே குழாயடியில் தண்ணீர் பிடிக்க வேண்டும். அவன் பிள்ளை அதே தமிழ்ப்பள்ளியில் அதே பெஞ்சில் உட்கார வேண்டும். போலீஸ் பிடித்தால் வக்கீல் வைக்கலாம், கோர்ட்டில் 'நான் எடுக்கல' என்று சொல்லலாம். சாமி பிடித்தால் எங்கே போய் மேல்முறையீடு செய்வது?

அதனால்தான் இந்தக் கேள்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது. சாமி வந்து சொல்கிற சொல்லுக்கு யார் பொறுப்பு? சாமி வருவது உண்மையா, நடிப்பா என்ற விவாதத்தை நான் தொடப்போவதில்லை. அது தைப்பூசத்துக்குத் தைப்பூசம் நடக்கிறது, இரண்டு பக்கமும் யாரும் மாறுவதில்லை. உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்தச் சொல் ஒரு மனிதனின் வாய் வழியாகத்தானே வெளியே வருகிறது?

*

என் தாத்தா பீடோங் வட்டாரத்தில் ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். முனியாண்டி சாமியாடி. அவர் ஆடியதை நான் பார்த்தது குறைவு, கேட்டதுதான் அதிகம். பாட்டி சொல்வார்: "ஒங்க தாத்தாவுக்கு சாமியாடுறது சுத்தமா புடிக்காதுடா. வெள்ளிக்கெழம மத்தியானமே வயிறு சரியில்லம்பாரு. அவருக்கு வந்த வயித்துவலியில பாதி முனியாண்டி குடுத்தது."

தாத்தாவைப் பற்றி வீட்டில் சொல்லப்படும் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அவர் திருட்டை விசாரித்த விதம். சங்கிலி காணாமல் போயிருக்கும். கூட்டம் சேர்ந்திருக்கும். உடுக்கைச் சத்தத்தில் சாமி வந்திருக்கும். "யாருன்னு சொல்லுங்க சாமி" என்று கேட்பார்கள். "எனக்குத் தெரியும். எடுத்தவனுக்கும் தெரியும். ஒனக்கு எதுக்கு?" என்பாராம். "மூணு ராத்திரி டைம் தர்றேன். மூணாம் ராத்திரிக்குள்ள பொருள் என் வெளக்கடிக்கு வந்துடணும். அதுவரைக்கும் ஒருத்தன் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கக் கூடாது."

கோயில் தோட்டத்தின் எல்லையில், மரங்களுக்கு நடுவில் இருந்தது. ஒரு மண்ணெண்ணெய் விளக்கு மட்டும் எரியும். மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் பல முறை பொருள் அங்கே இருந்திருக்கிறது. சில முறை இருந்ததில்லை. இல்லையென்றால், "சாமி தேடிக்கிட்டு இருக்காரு" என்று சொல்லிவிட்டு தாத்தா மரம் வெட்டப் போய்விடுவார். எந்த முறையும் ஒரு பெயர் வெளியே வந்ததில்லை.

சின்ன வயதில் இதைக் கேட்கும்போது எனக்கு ஏமாற்றமாக இருக்கும். திருடன் யார் என்று தெரியாத திருட்டுக் கதை என்ன கதை? இப்போது அதன் அமைப்பு புரிகிறது. பொருள் திரும்ப வருவதற்கு மூன்று விஷயங்கள் தேவை: பயம், வழி, மறைவு. சாமி பயத்தைக் கொடுத்தார். விளக்கடி வழியைக் கொடுத்தது. 'யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது' என்ற கட்டளை மறைவைக் கொடுத்தது. போலீசிடம் முதலாவது மட்டும்தான் உண்டு. லயத்தில் தொடர்ந்து சேர்ந்து வாழ வேண்டியவர்களுக்குத் திருடனைவிடச் சங்கிலி முக்கியம், சங்கிலியைவிட அந்தப் பலகைச் சுவர் முக்கியம். தாத்தாவுக்குத் தன் வாய்க்குள் என்ன சக்தி இருக்கிறது என்று தெரிந்திருந்தது. அந்த வயிற்றுவலி அதனால் வந்தது என்றே நினைக்கிறேன்.

*

சாமியாடி துப்புத் துலக்கும் கதை நமக்குப் புதிதில்லை. சங்க இலக்கியத்திலேயே இருக்கிறது, நகைச்சுவையோடு இருக்கிறது. மகள் மெலிந்துபோகிறாள், வளையல் கழல்கிறது. தாய்க்குக் காரணம் தெரியவில்லை. வேலனைக் கூப்பிடுகிறாள். வேலன் வெறியாடி, 'இது முருகன் தந்த நோய்' என்று தீர்ப்புச் சொல்கிறான். உண்மையான 'குற்றவாளி' பக்கத்து மலைக்காரன். அது தலைவிக்கும் தோழிக்கும் தெரியும், படிக்கிற நமக்கும் தெரியும். தெரியாதவர்கள் தாயும் வேலனும்தான்.

குறுந்தொகை 362 ஆம் பாடலில் தோழி வேலனிடம் ஒரு கேள்வி கேட்கிறாள். ஆட்டுக்குட்டியை அறுத்து இவள் நெற்றியில் தடவிப் பலி கொடுக்கிறாயே, இவளை வாட வைத்த அந்த மலைக்காரனின் மார்பும் இந்தப் பலியைச் சாப்பிடுமா என்கிறாள். பாடியவர் வெறிபாடிய காமக்கண்ணியார். நற்றிணை 34 இல் தோழி முருகனையே பிடித்துக்கொள்கிறாள். இந்த நோய் உன்னால் வந்ததில்லை என்று தெரிந்தும் வேலன் கூப்பிட்டான் என்பதற்காக வந்து நிற்கிறாயே, கடவுளானாலும் நீ விவரம் இல்லாதவன்தான் என்கிறாள். இரண்டாயிரம் ஆண்டு பழைய கிண்டல். இன்றைக்கு ஒரு கோயில் வாட்ஸ்அப் குழுவில் இதைப் போட்டால் அட்மின் உடனே தூக்கிவிடுவார்.

வேலனின் தீர்ப்பு தவறு. ஆனால் அந்தத் தவறு யார் மேல் விழுகிறது என்று பாருங்கள். முருகன் மேல் விழுகிறது. ஓர் ஆட்டுக்குட்டி செத்துப்போகிறது, பாவம்தான். ஆனால் எந்த வீட்டுப் பையனும் அடி வாங்கவில்லை, எந்தப் பெண்ணும் மறுநாள் சுனைக்குப் போகும்போது தலைகுனியவில்லை. பழியைத் தாங்கக்கூடிய தோளில் வேலன் பழியை வைக்கிறான். என் தாத்தாவும் வேலனும் இந்த இடத்தில் ஒரே ஆள்.

அதற்கு அடுத்த கட்டம் இன்னும் முக்கியமானது. உண்மை எப்படியும் வெளியே வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அவளை வேறு யாருக்காவது கட்டிக்கொடுத்துவிடுவார்கள். அதைச் சொல்கிறவள் தோழி. தோழி செவிலியிடம், செவிலி நற்றாயிடம், நற்றாய் தந்தையிடமும் அண்ணன்மாரிடமும் என்று உண்மை படிப்படியாக ஏறுகிறது. ஒவ்வொருவரும் தன் சொந்த வாயால், தனக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தோடு சொல்கிறார்கள். இந்தத் துறைக்கு இலக்கணம் வைத்த பெயர் 'அறத்தொடு நிற்றல்'. சாமி வந்து சொல்வதற்குப் பெயர் வெறியாட்டு. மனிதர் வந்து சொல்வதற்குப் பெயர் அறத்தொடு நிற்றல். தொல்காப்பிய காலத்து ஆட்கள் சொற்களை வீணாகச் செலவழிப்பவர்கள் இல்லை. பெயர் சொல்லும் வேலையை அவர்கள் வேலனிடம் கொடுக்கவில்லை, 'நிற்கிற' ஒருத்தியிடம் கொடுத்தார்கள். ஔவையார் பாடிய குறுந்தொகை 23 இல் கட்டுவிச்சி குறி பார்க்கும் இடத்தில்கூட, அவளை இடைமறித்து 'அவருடைய மலையைப் பாடின பாட்டை இன்னொரு தடவை பாடு' என்று தோழிதான் துப்புக் கொடுக்கிறாள்.

*

விருப்பமில்லாமல் வாயைக் கொடுத்த இளம் பிள்ளைகளைப் பற்றியும் பேச வேண்டும். சிலப்பதிகாரத்தின் கடைசியில், வரந்தரு காதையில், தேவந்தி மேல் சாத்தன் ஏறுகிறான். அவன் சொன்னபடி மாடலன் மூன்று சிறுமிகள் மேல் கரகத்து நீரைத் தெளிக்கிறான். அரட்டன் செட்டியின் இரட்டைப் பெண்கள், சேடக்குடும்பியின் சின்ன மகள். நீர் பட்டதும் கண்ணகியின் தாயாகவும் கோவலனின் தாயாகவும் மாதரியாகவும் மூவரும் அழுகிறார்கள். சேரன் செங்குட்டுவன் வியந்து நிற்கிறான். காப்பியமாகப் படிக்கும்போது அது உருக்கமான இடம். ஆனால் அந்தப் பிள்ளைகளிடம் 'பெரியவங்களோட அழுகைய நீங்க அழறீங்களா?' என்று யாரும் கேட்கவில்லை. தண்ணீரைத் தெளித்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

1848 இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஹைட்ஸ்வில் என்ற சிற்றூரில், மார்கரெட், கேட் என்ற இரண்டு சகோதரிகளுக்கு இதே கதிதான். ஃபாக்ஸ் சகோதரிகள் என்றால் எல்லாருக்கும் தெரியும். வீட்டில் இரவில் தட்டும் சத்தம் கேட்டது. பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள், சத்தம் பதில் சொன்னது. அக்கம்பக்கத்தார் கூடி இன்னும் கேள்விகள் கேட்டார்கள். அந்த வீட்டில் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்ட ஊர்சுற்றி வியாபாரியின் ஆவி அது என்று முடிவாகியது. கொலை என்றால் கொலைகாரன் வேண்டுமே? முன்பு அந்த வீட்டில் குடியிருந்தவர் மேல் சந்தேகம் விழுந்தது. வழக்கு எதுவும் இல்லை, நிரூபணம் எதுவும் இல்லை, பெயர் மட்டும் கெட்டது.

நாற்பது ஆண்டு கழித்து, 1888 இல், மார்கரெட் மேடையேறி அந்தச் சத்தம் கால்விரல் மூட்டைச் சொடுக்கி உண்டாக்கியது என்று செய்து காட்டினார். அம்மாவைப் பயமுறுத்த ஓர் ஆப்பிளை நூலில் கட்டித் தரையில் தட்டியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது என்றார். அடுத்த ஆண்டே அந்த வாக்குமூலத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இடையில் இருந்த நாற்பது ஆண்டில் அவர்களை வைத்து ஓர் இயக்கமே வளர்ந்திருந்தது. மூத்த அக்கா லியா அவர்களை ஊர் ஊராக அழைத்துப் போய்க் காட்சி நடத்தினார். தங்கைகள் இருவரும் குடியில் விழுந்து வறுமையில் செத்தார்கள். ஆப்பிள் விளையாட்டு விளையாடிய பிள்ளைகளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நின்று நின்று கேள்வி கேட்டவர்களை யோசிக்கிறேன். ஊடகமாக நிற்கிறவருக்குத் தயக்கம் இருக்கலாம். கேட்கிற கூட்டத்துக்குத் தயக்கமே இருப்பதில்லை.

இதற்கு நேர் எதிரான வழக்கும் அதே நாட்டில் உண்டு. 1897 ஜனவரியில் மேற்கு வர்ஜீனியாவின் கிரீன்பிரையர் மாவட்டத்தில் ஸோனா என்ற இளம் மனைவி இறந்தார். இயற்கை மரணம் என்று புதைத்துவிட்டார்கள். மகள் நான்கு இரவு தன்னிடம் வந்து, கணவன் கழுத்தை உடைத்துக் கொன்றதைச் சொன்னாள் என்றார் தாய் மேரி ஜேன் ஹீஸ்டர். பிணத்தைத் தோண்டிப் பரிசோதித்தார்கள். கழுத்து உடைந்திருந்தது. கணவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

'பேய் சொன்னது சரியாகத்தானே இருந்தது?' என்று இதைச் சொல்பவர்கள் கேட்பார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. அந்தத் தாய் ஒரு கூட்டத்தின் நடுவில் ஆடிப் பெயர் சொல்லவில்லை. அரசு வழக்கறிஞரின் அலுவலகத்துக்குத் தன் காலால் நடந்துபோய், தன் பெயரில், தன் சந்தேகத்தைச் சொன்னார். விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் பேய்க்கதையைக் கிளறிக் குறுக்கு விசாரணை செய்தபோது கூண்டில் நின்று பதில் சொன்னார். பேய் அவருக்குத் தைரியம் கொடுத்திருக்கலாம். குற்றத்தைச் சுமத்தியது அவர்தான். அது வெறியாட்டு இல்லை, அறத்தொடு நிற்றல்.

*

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. சொந்தப் பெயரில் பேச முடியாதவர்கள் என்ன செய்வது? தோட்டத்தில் மண்டோரை எதிர்த்துப் பேச முடியாத ஒரு பெண்ணுக்குத் திருவிழா நாளில் காளி வந்து மண்டோரை 'டேய்' என்று கூப்பிட்டால் அதைக் குறை சொல்ல முடியுமா? முடியாது. அந்த ஒரு நாளாவது அவர் கைகட்டி நிற்கட்டும்.

மானுடவியலாளர் ஐவா ஓங் சிலாங்கூரின் கோலா லங்காட் வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்த மலாய்ப் பெண்களைப் பற்றி 1987 இல் ஒரு நூல் வெளியிட்டார். மின்னணுப் பொருள்களை நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்த இளம்பெண்களுக்குத் திடீரெனப் பேய் பிடிக்கும். கத்துவார்கள், பொருள்களை உடைப்பார்கள், மேற்பார்வையாளரைத் திட்டுவார்கள். நிர்வாகம் போமோவைக் கூப்பிடும், மயக்க மருந்து கொடுக்கும், வீட்டுக்கு அனுப்பும். மறுபடி மறுபடி வந்தால் வேலையிலிருந்து நீக்கும். அது எதிர்ப்பின் ஒரு வடிவம் என்கிறார் ஓங். ஆனால் நிர்வாகத்துக்கு அதை நோயாகப் பார்ப்பது வசதியாக இருந்தது. பேய்க்கு மருந்து கொடுத்தால் போதும், சம்பளத்தை உயர்த்த வேண்டியதில்லை.

மேலே இருப்பவனை நோக்கிப் பேசும் பேய்க்கு ஒரு நியாயம் இருக்கிறது, ஆனால் அதன் புகார் பதிவாவதில்லை. கீழே இருப்பவனை நோக்கிப் பேசும் சாமியின் புகார் உடனே பதிவாகிவிடுகிறது. இந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது. சாமியின் மறைவு பலமில்லாதவனுக்குக் குடை. பலமுள்ளவன் கையில் அதே குடை தடியாகிவிடும்.

நான் வேலை செய்யும் இடத்தில் ஒரு பழக்கம் இருக்கிறது. ஒரு பொருளில் பழுது வந்தால் மூல காரணத்தைக் கண்டுபிடித்து அறிக்கை எழுத வேண்டும். மூல காரணம் என்ற கட்டத்தில் ஒரு தொழிலாளியின் பெயரை எழுதினால் அறிக்கை திரும்பி வந்துவிடும். 'அவர் தவறு செய்ய முடிகிற மாதிரி நீ ஏன் இயந்திரத்தை வைத்திருந்தாய்?' என்று கேட்பார்கள். முதல் முறை கேட்டபோது எனக்கு முனியாண்டி ஞாபகம் வந்தார். தாத்தாவும் ஆளை விட்டுவிட்டுப் பொருளைத்தான் தேடினார். ஒரு வித்தியாசம், அறிக்கையின் அடியில் எழுதியவனின் கையெழுத்து இருக்கும். நாளைக்கு அது தவறு என்றால் என்னைக் கூப்பிட்டுக் கேட்கலாம். சாமி வாக்கின் அடியில் கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லாததால்தான் தாத்தா அதில் யார் பெயரையும் எழுதவில்லை.

*

இதெல்லாம் எனக்கு வெறும் யோசனையாகவே இருந்திருக்கும், போன வருஷத் திருவிழா இல்லாவிட்டால்.

தோட்டம் விற்கப்பட்டு நாங்கள் சுங்கை பட்டாணிப் பக்கம் ஒரு தாமானுக்கு வந்து பல வருஷம் ஆகிறது. கோயிலும் ஒரு மூலை நிலத்துக்கு வந்துவிட்டது. திருவிழா முடிந்த வாரத்தில் அம்மன் கழுத்திலிருந்த தங்கப் பொட்டைக் காணோம். கோயில் அடுப்படியில் படுத்துக்கொள்ளும் ஒருவன் இருந்தான். போதைப் பழக்கத்தில் மாட்டி, மறுவாழ்வு மையம் போய்த் திரும்பியவன். பாத்திரம் கழுவுவான், கூட்டுவான். எல்லார் கண்ணும் எங்கே போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

தாத்தாவுக்குப் பிறகு சாமி என்மேல்தான் வர வேண்டும் என்று ஒரு கணக்கு கோயிலில் உண்டு. பன்னிரண்டு வயதில் உடுக்கைச் சத்தத்தில் நான் கொஞ்சம் நடுங்கினேனாம். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் என்று அம்மா இன்றுவரை சொல்கிறார், யாரும் கேட்பதில்லை. நிர்வாகத்தில் ஒருவர் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, வெள்ளிக்கெழம நீ வந்து நிக்கணும்."

"எனக்கு சாமி வராதுங்க மாமா."

"வர வேணாம்ப்பா. உடுக்க அடிக்கிறப்ப லேசா ஆடு. நாங்க பேரச் சொல்லிக் கேப்போம். நீ தலைய மட்டும் ஆட்டு."

"பேருதான் உங்களுக்கே தெரியுதே மாமா, நீங்களே சொல்லலாமே?"

அவர் என்னை ஒரு விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "நாங்க சொன்னா சண்ட வரும். சாமி சொன்னா யாரும் பேச முடியாது பாரு."

சாமியின் மேல் இவ்வளவு தெளிவான விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அவர் கெட்டவர் இல்லை. கோயிலுக்காக ஓடி ஓடி உழைப்பவர். அவருக்கு வேண்டியது உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை. பதில் பேச முடியாத ஒரு சொல் அவருக்கு வேண்டியிருந்தது. அந்தச் சொல்லை என் தலையிலிருந்து எடுக்கப் பார்த்தார்.

"நீங்க நம்புறீங்கன்னா உங்க பேரு போட்டு போலீஸ் ரிப்போர்ட் குடுங்க, நான் கார்ல கூட்டிட்டுப் போறேன்" என்றேன். அவர் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். பிறகு கூட்டத்தில், தாத்தா செய்த மாதிரி மூன்று ராத்திரி கேமராவை அணைத்து விளக்கடியைத் திறந்து வைக்கலாம் என்று சொன்னேன். முணுமுணுப்போடு ஒத்துக்கொண்டார்கள். பொட்டு வரவில்லை. அடுத்து வந்த இரண்டு வாரமும் 'படிச்ச புள்ள பேச்சக் கேட்டா இப்பிடித்தான்' என்பதை நேராகவும் சாடையாகவும் கேட்டேன்.

மூன்றாவது வாரம், திருவிழாவில் அம்மன் சேலையை ஏலத்தில் எடுத்த ஓர் அத்தை, விசேஷத்துக்குக் கட்டலாம் என்று அதைப் பிரித்தபோது மடிப்பிலிருந்து பொட்டு விழுந்தது. அலங்காரம் கலைத்தபோது கொக்கி நூலில் மாட்டிக்கொண்டு சேலையோடு போயிருக்கிறது. நிர்வாகம் அதை அம்மனின் அற்புதம் என்று அறிவித்துச் சர்க்கரைப் பொங்கல் வைத்தது. பாத்திரத்தை அடுப்படிப் பையன்தான் கழுவினான். அவனிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை, ஏனென்றால் யாரும் அவனைக் குற்றம் சாட்டவே இல்லையே.

பொட்டு கிடைத்ததை என் பக்க நியாயத்துக்குச் சாட்சியாக வைக்க எனக்கு விருப்பமில்லை. அவனே எடுத்திருந்தாலும் நான் தலையை ஆட்டியிருந்தால் அது தவறுதான். உண்மையான பெயரைச் சொன்னாலும், எதிர்த்துப் பேச வழியில்லாமல் சொன்னால் அது நியாயமாகாது. நியாயத்தில் பாதி, 'இல்லை' என்று சொல்ல மற்றவனுக்குக் கிடைக்கும் இடம்.

*

சாக்ரடீசுக்கும் ஒரு குரல் கேட்டது. கிறிஸ்துவுக்கு முன் 399 இல் நடந்த விசாரணையில் அதைப் பற்றி அவர் பேசியதாக பிளேட்டோ எழுதியிருக்கிறார். சின்ன வயதிலிருந்து அந்தக் குரல் அவரோடு இருந்தது. அதற்கு ஒரு வினோதமான குணம். அது எப்போதும் 'வேண்டாம்' என்று மட்டும்தான் சொல்லும். 'செய்' என்று ஒருநாளும் சொன்னதில்லை. அந்தக் குரலைக் காட்டி அவர் இன்னொருவனைக் குற்றவாளி ஆக்கவில்லை. அது தடுத்தது அவரை மட்டும்தான்.

தடுக்கிற குரலுக்குக் கையெழுத்து தேவையில்லை. அது தவறாக இருந்தாலும் நஷ்டம் கேட்டவனுக்குத்தான். சுட்டுகிற குரலுக்கு ஒரு முகம் வேண்டும், அது நாளைக்கும் அதே குழாயடிக்கு வருகிற முகமாக இருக்க வேண்டும்.

தோட்டங்கள் செம்பனையாகவும் தாமானாகவும் மாறிவிட்டன, சாமியாடிகளும் குறைந்துவிட்டார்கள். ஆனால் பதில் பேச முடியாத சொல்லுக்கான ஆசை குறையவில்லை. இப்போது அது கைப்பேசியில் வருகிறது. ஒரு படம், ஒரு வண்டி நம்பர், 'இவன்தான், எல்லாருக்கும் அனுப்புங்க.' யார் சொன்னது என்று கேட்டால், 'எனக்கு வந்துச்சு, அனுப்புனேன்' என்பார்கள். சாமியாடியும் இதைத்தான் சொல்வார்: என் மேல வந்துச்சு, சொன்னேன். 2018 இல் இந்தியாவில் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளால் பலர் தெருவில் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்டுதான் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாதபடி அந்நிறுவனம் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அனுப்பியவர்களில் யாருக்கும் வெள்ளிக்கிழமை மதியம் வயிறு வலித்திருக்காது.

தயங்குகிற சாமியாடியைப் பார்த்து நாம் சிரிக்கிறோம், அந்தக் கேக் கடைப் பெண்ணைப் பார்த்துச் சிரிப்பதுபோல. உண்மையில் அந்தத் தயக்கம்தான் அந்த வேலைக்கு வேண்டிய ஒரே தகுதி. உங்களிடம் ஒரு பெயர் இருந்தால், முதலில் அந்த ஆளின் வீட்டு வாசலில் நின்று உங்கள் வாயால் சொல்ல முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் சொல்லுங்கள், அவர் பதிலையும் கேளுங்கள். முடியாவிட்டால் சாமியைக் கூப்பிடாதீர்கள். அவருக்கும் வயிறு சரியில்லாமல் இருக்கலாம்.